ஸ்பீச் தெரபி எடுத்தது தப்போ என்று கேட்ட பெண்ணுக்கு

வந்த கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். ஊரையும் ஆஸ்பத்திரியையும் எடுத்துவிட்டேன். கேட்டவளுக்கு 23 வயது. அப்பாவின் வேலைக்காகத் திருச்சியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த குடும்பம். இங்கே பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் நாலு வருஷம் ஸ்பீச் தெரபி படித்தாள். இப்போது க்வாஜூலு-நட்டால் மாகாணத்தின் வடக்கே ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் கம்யூனிட்டி சர்வீஸ், ஏழாவது மாதம். “மெடிசின் கிடைக்கவில்லை, அதனால் இதை எடுத்தேன் ஆன்ட்டி. வார்டில் நான் யார் என்றே யாருக்கும் தெரியவில்லை. ஏழு மாதத்தில் ஒரு குழந்தைகூடப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையை எடுத்து வைக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. தப்பான படிப்பை எடுத்துவிட்டேனோ? இப்போதே விட்டுவிடலாமா?” இன்னும் நிறைய எழுதியிருக்கிறாள். நடுவில் ஒரு பையனைப் பற்றி ஒரே ஒரு வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

டர்பனில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் எல்லாரும் ஆன்ட்டிதான். நீ அப்படிக் கூப்பிட்ட உரிமையில் நானும் நீ என்றே எழுதுகிறேன்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில்: இப்போது விடாதே. டிசம்பர் வரை இரு. மனசைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, வெறும் கணக்கு. நம் நாட்டில் 2003 முதல் ஸ்பீச் தெரபிஸ்டுகளுக்கும் இந்த ஒரு வருஷ சேவை கட்டாயம். இதை முடிக்காதவரை மருத்துவத் தொழில்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ. உன்னைச் சுயமாகத் தொழில் நடத்தும் பிரிவில் பதியாது. ஏழு மாதத்தில் எழுந்து போனால் கையில் பட்டம் இருக்கும், அதை வைத்து ஒரு கிளினிக்கில் உட்கார முடியாது. நாளைக்கு மனசு மாறினால் இந்த வருஷத்தை மறுபடி முதலிலிருந்து தேடிப்போக வேண்டி வரலாம். மாகாண சுகாதாரத் துறையின் பர்சரியில் (படிப்பு உதவித்தொகையில்) படித்திருந்தாய் என்றால் அந்த ஒப்பந்தத்தையும் எடுத்து ஒருதரம் நிதானமாகப் படி. வேலை செய்து கழிக்க வேண்டிய காலமும், கழிக்காவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டிய பணமும் அதில் இருக்கும். பாதியில் விடுவதில் ஒரு லாபமும் இல்லை. டிசம்பருக்குப் பிறகு விடுவதா என்பது வேறு கேள்வி. அதைப் பேசலாம்.

நான் கும்பகோணத்துக்காரி. மைசூரில் பேச்சு, செவித்திறன் இரண்டுக்குமான சிகிச்சையைச் சேர்த்துப் படித்தேன். 1999இல் கல்யாணமாகி டர்பன் வந்து, இங்கே வைத்த தேர்வை எழுதிப் பதிவு வாங்கினேன். முதலில் ஒரு சிறப்புப் பள்ளி, அப்புறம் அரசு ஆஸ்பத்திரி, இப்போது பன்னிரண்டு வருஷமாகச் சொந்த கிளினிக். இதற்குள் இரண்டு தடவை விட்டுவிடப் பார்த்தேன். ஒரு தடவை விட்டே விட்டேன்: மாமனார் கடையில் கணக்குப் பார்க்கிறேன் என்று போய் மூன்று மாதம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. திரும்பி வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை; கடைக்கு வந்த ஒரு பையன் ‘ர’வுக்கு ‘ல’ சொன்னான், மிட்டாய் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் அவன் நாக்கு எங்கே போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் சிரித்துவிட்டார்.

சரி, உன் கடிதத்துக்கு வருவோம். “தப்பான படிப்பு” என்கிறாய். ஆனால் படிப்பைப் பற்றி நீ எழுதியது ஒரு வரி. மெடிசின் கிடைக்காததைப் பற்றிப் பதினோரு வரி. எண்ணினேன்.

மெடிசின் கிடைக்காமல் இந்தப் பக்கம் வந்தவர்கள் என் வகுப்பிலேயே பாதிப் பேர். அவர்களுக்கு வேலை கசந்ததைவிட, தான் ஆக நினைத்த ஆள் தினமும் காலையில் வார்டு ரவுண்டில் முன்னால் நடந்து போவதைப் பார்ப்பதுதான் கசந்தது. பிசியோ கூட இதில் தப்பித்துவிடுகிறார். காலைத் தூக்கி வைத்து நடக்க வைத்தால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். நாம் செய்வது தொண்டைக்குள் நடக்கிறது. உனக்கு ஒரு கேள்வி: இப்போது இடம் கிடைத்தால் போவாயா? ஆறு வருஷப் படிப்பு, இரண்டு வருஷம் இன்டர்ன்ஷிப், அதற்கு மேல் மறுபடி ஒரு வருஷம் கம்யூனிட்டி சர்வீஸ், அநேகமாக இதே மாதிரி ஓர் ஊரில். பட்டம் முடித்தவர்களைத் தேர்வு வைத்து மூன்றாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்ளும் வழி ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அப்படிப் போனாலும் ஏழு வருஷக் கணக்கு. இதைப் படித்ததும் மனசு துள்ளினால் விண்ணப்பப் படிவத்தைத் தேடு, வெட்கப்படாதே. “ஐயோ” என்று வந்தால், உன் வருத்தம் மெடிசின் பற்றியது இல்லை. அது வீட்டில் யார் என்ன சொல்வார்கள் என்பது பற்றியது.

அந்த வீட்டுப் பேச்சு எனக்குத் தெரியும். நம் தொழிலுக்குத் தமிழில் சட்டென்று புரிகிற ஒரு பெயர் இல்லை. என் மாமியார் கடைசிவரை “பேச வெக்கிற டீச்சர்” என்றுதான் சொன்னார். மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கும்போது, “மருமக டாக்டரா?” என்று யாராவது கேட்பார்கள், “டாக்டர் மாதிரி” என்று பதில் சொல்வார். அந்த ‘மாதிரி’ எனக்குப் பத்து வருஷம் உறுத்தியது. மாமனார் காலத்துக் கதையும் கூடவே வரும்: 1961இல் இந்தியர்களுக்கென்று தனியாகச் சாலிஸ்பரி தீவில் கல்லூரி வைத்தார்கள், படகில் போய்ப் படித்தோம், இன்னது படிக்கலாம் இன்னது கூடாது என்று அரசாங்கம் சொன்னது, உங்களுக்கு என்ன குறை என்று. கதை உண்மைதான், மரியாதைக்குரியதுதான். ஆனால் அவர்களுக்குத் தேர்வு செய்ய வழி இல்லாமல் போனதால் உனக்கு வருத்தப்பட உரிமை இல்லை என்று ஆகிவிடாது. காதில் வாங்கிக்கொண்டு ஒரு வடை எடுத்துக் கொள்.

அடுத்தது வார்டு. இதில் நீ சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நாம் யார் என்று யாருக்கும் தெரியாது. ஸ்பீச் என்று பெயர் வைத்தவர்கள் நமக்குப் பெரிய கெடுதல் செய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நம் நேரத்தில் பெரும்பங்கு விழுங்குவதில்தான் போகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் சில நாட்கள் விழுங்குவதில் கோளாறு இருக்கும். நம் பாட்டிகள் ‘புரை ஏறுது’ என்று எவ்வளவு துல்லியமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் புரைதான் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகி ஆளைக் கொண்டுபோகிறது. அதிலும் மோசமானது, புரையேறியும் இருமாதவர்கள்.

ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டாவது வருஷம். எழுபது வயது கோகோ ஒருவர் (ஜூலுவில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்), வலது பக்கம் விழுந்துவிட்டது. சொல்ல நினைப்பது வாயில் வராது. டீ வண்டி வந்தது. நர்ஸ் நல்லவர்தான், அவசரத்தில் இருந்தார். தலையணையைச் சரி செய்யாமலே கோப்பையை வாயில் வைத்தார். கோகோ குடித்தார். இருமவில்லை. நர்ஸ் ‘பார், நன்றாகத்தானே குடிக்கிறார்’ என்பது போல என்னைப் பார்த்தார். நான் கட்டிலை நிமிர்த்திவிட்டு, நாலு விரலைத் தொண்டையில் வைத்தேன்: ஆள்காட்டி விரல் தாடைக்குக் கீழே, நடுவிரல் நாக்கெலும்பின்மேல், மற்ற இரண்டும் குரல்வளைமேல். அரைத் தேக்கரண்டித் தண்ணீர். “க்வின்யா, கோகோ.” விழுங்குங்கள் பாட்டி. வாயிலிருந்து தண்ணீர் போய்விட்டது, விரலுக்கடியில் ஒன்றுமே எழும்பவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம்தான் குரல்வளை மெல்ல ஏறியது, அதுவும் பாதி. “ஆ” சொல்லச் சொன்னேன். அந்தக் குரல் ஈரமாக இருந்தது. பானைக்கு அடியில் தண்ணீர் கிடந்தால் வருமே, அந்தக் களகளப்பு. நர்ஸின் கையை எடுத்து அதே இடத்தில் வைத்து மறுபடி அரைத் தேக்கரண்டி கொடுத்தேன். அவரும் எண்ணினார். நாலு வந்ததும் என்னைப் பார்த்தார்.

அந்த வார்டில் குடிப்பதைக் கெட்டியாக்கி மெதுவாக இறங்க வைக்கிற திக்கனர் பவுடர் கிடையாது, இருந்தாலும் கோகோவின் வீட்டில் வாங்க முடியாது. ஆனால் அமாசி எல்லார் வீட்டிலும் உண்டு. புளித்த பால், அதற்கென்றே செய்தது போன்ற கெட்டி. அதைத் தேக்கரண்டியால், நிமிர்த்தி உட்கார வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு தடவை விழுங்கச் சொல்லி ஆரம்பித்தோம். இப்போது உங்களுக்கு ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று உணவு, பானங்களின் கெட்டிக்கு ஒரு சர்வதேச அளவு இருக்கிறது, பத்து மில்லி சிரிஞ்சில் ஊற்றிப் பத்து விநாடியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தால் கெட்டி எத்தனையாம் நிலை என்று தெரிந்துவிடும்; நாங்கள் கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்து மனக்கணக்குப் போட்டோம். கெட்டியாக்குவது எல்லாருக்கும் மருந்தல்ல, சிலர் அந்தக் கெட்டி பிடிக்காமல் தண்ணீரே குடிக்காமல் காய்ந்துபோகிறார்கள், அதையும் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். கோகோ மூன்று வாரத்தில் வீட்டுக்குப் போனார். பேச்சு வரவில்லை. என் பெயரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. அந்த நர்ஸுக்குத் தெரியும். அதற்கப்புறம் அந்த வார்டில் யாருக்குப் பக்கவாதம் வந்தாலும் டீ வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்வார். வார்டு முழுக்க உன்னைத் தெரிந்துகொள்ள வேண்டாம், ஒரு நர்ஸின் விரல் போதும். இந்த வாரம் ஒருவரைப் பிடி.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். உன்னை உண்மையில் அறுப்பது இதுதான் என்று நினைக்கிறேன். உன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவர்கள் மாதத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். டாக்ஸிக்குக் காசு இருந்தால், மழையில் ரோடு அடித்துப் போகாமல் இருந்தால். ஒவ்வொரு முறையும் அரை மணி. ஒன்றுவிடாமல் வந்தாலும் வருஷத்துக்கு ஆறு மணி நேரம். அந்தக் குழந்தை விழித்திருக்கிற நேரம் ஒரு நாளைக்கே பன்னிரண்டு மணி. ஆறு மணி நேரத்தில் ஒரு குழந்தையைப் பேசவைக்க உன்னால் முடியாது, என்னாலும் முடியாது, மைசூரில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பேராசிரியர்களாலும் முடியாது. முடியாததை முடியவில்லையே என்று ஏழு மாதமாக அழுதிருக்கிறாய். அந்த ஆறு மணி நேரம் குழந்தைக்கு இல்லை, முதுகில் கட்டிக் கொண்டுவருகிற அம்மாவுக்கோ பாட்டிக்கோ. துணி துவைக்கும்போது என்ன சொல்வது, பாப் (மக்காச்சோளக் களி) கிண்டும்போது எங்கே நிறுத்திக் காத்திருப்பது என்று அவர்களுக்கு ஒன்றே ஒன்றைக் காட்டி, செய்ய வைத்து, அடுத்த மாதம் அதைத்தான் கேட்க வேண்டும். ஐந்து பயிற்சி எழுதிய தாளைக் கொடுத்து அனுப்பினால் அது அடுப்புக்குப் போகும்.

நீ பயன்படுத்தும் சோதனைகளும் உன்னைக் குழப்புகின்றன. பெரும்பாலானவை அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ அந்த ஊர்க் குழந்தைகளை வைத்து அளந்தவை. ஒரு தடவை நான் படத்தைக் காட்டிக்கொண்டே போனேன். பனிமனிதன் வந்தான், பையன் என் முகத்தைப் பார்த்தான். டோஸ்டர் வந்தது, பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே ஆடு கத்தியது, உடனே திரும்பி அதன் நிறத்தையும் அது யார் வீட்டு ஆடு என்பதையும் அவன் அம்மாவிடம் ஜூலுவில் சொன்னான். தாளில் அவனுக்கு மதிப்பெண் சைபர். ஒலிகளும் அப்படித்தான். ஆங்கிலக் குழந்தைக்கு இன்ன வயதில் இன்ன ஒலி என்கிற பட்டியலை க்ளிக் ஒலிகள் இருக்கிற மொழிமேல் வைத்தால் வருவது பொய். நமக்கு ‘ழ’வுக்கு நாக்கை மடிக்கத் தெரியும் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது, முட்டைக்கு ஜூலுவில் ‘இ-கா-ண்டா’, நடுவில் நாக்கை மேலண்ணத்திலிருந்து சொடுக்க வேண்டும். எனக்கு அது சொடுக்காமல் வழுக்கியது. வார்டே சிரித்தது. நீங்கள் எல்லாம் 2014க்கு அப்புறம் சேர்ந்தவர்கள், முதல் பட்டப் படிப்பிலேயே ஜூலு பாடம் வைத்துவிட்டார்கள், என்னைவிட நன்றாக ஆரம்பிக்கிறீர்கள். ஆனால் அந்த ஒரு பாடம் நோயாளியிடம் வணக்கம் சொல்லவும் எங்கே வலிக்கிறது என்று கேட்கவும்தான் போதும். இந்த நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வீட்டில் பேசுவது ஜூலு. க்ளீனரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லி வேலை செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சோர்வை நீ படிப்பின்மேல் போடுகிறாய். அது மொழியின் சோர்வு. வேறு இடத்தில், வேறு மொழியில் அது இருக்காது. இல்லை, இதே இடத்தில் இரண்டு வருஷத்தில் இருக்காது.

இந்தத் தொழிலில் நான் உண்மையாக வருந்துவது என்ன என்று சொல்லவா? 2001 என்று நினைவு. டர்பனின் ரிசர்வாயர் ஹில்ஸ் பகுதியிலிருந்து ஒரு குடும்பம். மூன்றரை வயதுப் பையன், பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் இல்லை. அப்பா அம்மா இருவருக்கும் வேலை, பகல் முழுக்க அவனைப் பார்த்துக்கொள்வது மன்னார்குடியிலிருந்து வந்த பாட்டி. பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “குழந்தை குழம்புகிறான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்.” அப்போது எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். அது தப்பு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. பேச்சில் கோளாறு உள்ள குழந்தையும் இரண்டு மொழியைத் தாங்கும். வீட்டு மொழியை நிறுத்துவதால் இன்னொன்று வளர்வதில்லை. இன்று முதல் வருஷ மாணவிக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து அவர்கள் வந்தார்கள். பாட்டி மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையன் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து எதையோ காட்டினான். அவர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். நான் சொன்னதைக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பையனோடு நாள் முழுக்கப் பேசக்கூடிய ஒரே ஆள். 1860இல் கரும்புத் தோட்டக் கூலிகளாக முதல் கப்பலான ட்ரூரோவில் வந்து இறங்கியவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளிடம் இந்த ஊரில் தமிழ் எப்படித் தேய்ந்தது என்று நாம் பெரிதாகப் பேசுகிறோம். ஒரு வீட்டில் அதை நிறுத்தச் சொன்னவள் நான். சம்பளம் வாங்கிக்கொண்டு.

இரண்டாவது தடவை விட நினைத்தது இதற்காகத்தான், பல வருஷம் கழித்து, நான் சொன்னது தப்பு என்று ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்து கேட்ட அன்றைக்கு. உன் வருத்தம் ‘இந்தத் தொழிலை ஏன் எடுத்தேன்’ என்பது. என்னுடையது ‘இந்தத் தொழிலில் அதை ஏன் செய்தேன்’ என்பது. முன்னதற்கு வெளியே போகிற கதவு இருக்கிறது. பின்னதற்கு இல்லை, அதனால் உள்ளேயே இருந்து இன்றைக்கும் வருகிற ஒவ்வொரு பாட்டியிடமும், எந்த மொழியானாலும், நீங்கள் பேசுவதை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் படித்த பிறகும் போக வேண்டும் என்றே தோன்றலாம். போகலாம். நன்றாகப் போனவர்களை எனக்குத் தெரியும். எப்படித் தெரிந்துகொள்வது? நான் பார்த்தவரை ஒரு அடையாளம். வாரத்தில் ஏதாவது ஒரு நோயாளி பற்றி வீட்டுக்கு வந்தபிறகும் ‘நாளைக்கு இப்படிச் செய்து பார்க்கலாமா’ என்று யோசனை ஓடினால், உனக்கு வேலை பிடித்திருக்கிறது, இடம் பிடிக்கவில்லை. யாருமே நினைவுக்கு வராமல், நோயாளி வராத நாள்தான் நல்ல நாள் என்று மாதக்கணக்கில் இருந்தால் போய்விடுவதுதான் நோயாளிக்கும் நல்லது. ஆனால் ஒன்று: தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் இந்தச் சோதனை செல்லாது. அது தொழில் பற்றிய கேள்வியே இல்லை, முதலில் ஒரு டாக்டரைப் பார்.

டிசம்பருக்கு அப்புறம் என்ன இருக்கிறது? அரசு வேலை தானாக வந்துவிடாது. காலியிடம் இருந்தும் நிரப்பப் பணமில்லை என்று டாக்டர்களே வேலை கேட்டுத் தெருவுக்கு வந்த நாடு இது. தனியார் கிளினிக் வைக்கலாம். ஆனால் மெடிக்கல் எய்ட் என்கிற தனியார் மருத்துவக் காப்பீடு இருப்பது இந்த நாட்டில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான், அவர்களுக்கும் வருஷக் கடைசியில் தெரபிக்கான தொகை தீர்ந்துவிடும், நவம்பர் டிசம்பரில் கிளினிக்கில் ஈ ஓட்டுவோம். அந்த இரண்டு மாதத்துக்குப் பணம் ஒதுக்கி வைக்கத் தெரியாதவள் கிளினிக் வைக்கக் கூடாது. நான் முதல் வருஷம் தெரியாமல் வைத்துத் தாலிக்கொடியை அடகு வைத்தேன். சிறப்புப் பள்ளி வேலை உடம்புக்கு இதம், ஒரே குழந்தையை நாலு வருஷம் பார்க்கலாம், பேச்சு வருவதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிற உனக்கு அதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. வாயால் பேச வழியில்லாதவர்களுக்குப் படப் பலகை, கருவி என்று மாற்று வழிகளைச் சொல்லிக்கொடுப்பதில் ஆர்வம் இருந்தால் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே 1990 முதல் ஒரு மையம் இருக்கிறது, அங்கே மேற்படிப்பு படிக்கலாம். எழுத்து வேலை பிடிக்கும் என்றால் விபத்தில் தலையில் அடிபட்டவர்களைச் சோதித்து, சாலை விபத்துக்கு இழப்பீடு தரும் அரசு நிதியான ரோடு ஆக்சிடன்ட் ஃபண்ட் வழக்குகளுக்கு நிபுணர் அறிக்கை எழுதுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் அனுபவம் சேர வேண்டும், கோர்ட்டில் குறுக்கு விசாரணையைத் தாங்கும் தோல் வேண்டும். ஆடியாலஜிக்கு (செவித்திறன் பக்கம்) மாறிவிடலாமே என்று கேட்டிருக்கிறாய். உங்கள் காலத்தில் இரண்டும் தனித்தனிப் பட்டம், மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

வெளிநாடு? போகலாம், நிறையப் பேர் போகிறார்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சங்கங்கள் ஒன்றுக்கொன்று பட்டத்தை ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன, அதில் நம் நாட்டுச் சங்கம் இல்லை, அதனால் ஒவ்வொரு இடத்திலும் தனியாக மனுப்போட வேண்டும். அங்கே போனாலும் வார்டில் ‘நீங்கள் யார்’ என்றுதான் கேட்பார்கள், இதை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்.

அம்மா அப்பாவிடம் சொல்வது பற்றி: “தப்பான படிப்பு” என்று ஆரம்பிக்காதே. அவர்கள் காதில் அது நாலு வருஷப் பணமாகத்தான் விழும், பேச்சு பணத்திலேயே முடியும். ஞாயிற்றுக்கிழமை வயிற்றைப் பிசைகிறது என்று எனக்கு எழுதினாயே, அதை அப்படியே அம்மாவிடம் சொல். அம்மாக்களுக்கு வயிறு புரியும்.

கடைசியாக அந்தப் பையன். ஏழு மாதத்தில் ஒரு குழந்தைகூடப் பேசவில்லை என்று எழுதிவிட்டு, கீழே எங்கேயோ, “நாலு வயதுப் பையன் ஒருவன் வருகிறான், யாரையும் பார்க்க மாட்டான், போன மாதம் என் சாவிக்கொத்துக்காகக் கையை நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தான், கொடுத்ததும் விளையாடினான்” என்று எழுதியிருக்கிறாய். யாரையும் பார்க்காதவன் பொருளைப் பார்த்தான், கையை நீட்டினான், அப்புறம் உன் முகத்தைப் பார்த்தான். அந்த வரிசையை நோயாளிக் குறிப்பில் எழுதினாயா? தேதியோடு எழுது. அவன் அம்மா பக்கத்தில் இருந்தாளா, பார்த்தாளா? இந்த மாதம் வரும்போது சாவிக்கொத்தை மேசைமேல் அவனுக்குத் தெரிகிற இடத்தில், எட்டாத தூரத்தில் வை. கையை நீட்டுவான். உடனே கொடுத்துவிடாதே. அவன் கண்மட்டத்துக்குக் குனிந்து, வாயைத் திறக்காமல் ஐந்து வரை எண்ணு. நாலில் கை பரபரக்கும், கொடுத்துவிடத் தோன்றும். ஐந்து வரை எண்ணு. அப்புறம் ஜூலுவில் சாவிக்கு என்ன சொல்லோ அதை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுக் கொடு. அடுத்த சுற்றில் சாவியை அவன் அம்மா கையில் கொடுத்து, அவளை எண்ணச் சொல்.